நாலாவது இடத்துக்கு ஒரு சேவல்

உலகத்தில் எந்தத் தகப்பனும் வேண்டாத ஒன்றைப் புனிதன் வேண்டிக்கொண்டான். தன் மகன் நாலாவதாக வரவேண்டும்.

முதலாவது வேண்டாம். இரண்டாவது வேண்டாம். மூன்றாவது கண்டிப்பாக வேண்டாம். ஐந்து, ஆறு என்று கீழே போனால் பையன் மனசு உடைந்துபோகும், அதனால் அதுவும் வேண்டாம். நாலு. அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி, கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல், நாலு.

இதைக் கேட்கப் போகாமல் அன்றைக்கு மழையில் நனைந்து காய்ச்சலில் படுத்திருக்கலாம் என்று பின்னால் எத்தனையோ நாள் வருந்தினான். ஆனால் அன்றைக்கு மழை பெய்யவில்லை. புனிதனுக்கு வாய்க்கிற நாள்கள் எப்போதும் அப்படித்தான்.

பகாவுக்கு வெளியே கெம்பாஸ் தோட்டத்தில் அவன் மண்டோர். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் நின்று ஆள்களுக்கு வேலை பிரித்து ஒரு குரல் கொடுத்தால், நாற்பது பேர் அரிவாள் கம்பைத் தூக்கிக்கொண்டு செம்பனைக்குள் போய்விடுவார்கள். பங்களாதேஷ்காரன், இந்தோனேசியாக்காரன், நேப்பாளி என்று எல்லாருக்கும் அந்தக் குரல் புரியும். வீட்டில்தான் யாருக்கும் புரியாது.

வீட்டில் இருப்பதோ இரண்டே பேர். மனைவி லோகேஸ்வரி சிரம்பானில் கான்வென்ட்டில் படித்தவள். பகாவில் பாலர் பள்ளி ஆசிரியை. பொய் சொல்லமாட்டாள். கான்வென்ட் சிஸ்டர்மார்கள் அப்படி வளர்த்திருந்தார்கள். கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்வாள். கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லவேண்டும் என்று அந்தச் சிஸ்டர்மார்கள் சொல்லித்தரவில்லை. புனிதனின் பாதித் துன்பம் அங்கேதான் ஆரம்பித்தது.

மீதிப் பாதி மகன் தனேஷ். எட்டு வயது. தரையில் நடக்கிற நேரம் குறைவு.

அதற்கும் புனிதன்தான் காரணம். தனேஷுக்கு நாலாவது பிறந்தநாள். வீடு நிறைய ஆள். கேக் வெட்டி முடிந்து எல்லாரும் பிரியாணிக்குக் காத்திருந்த நேரம். சும்மா இருக்கமுடியாமல் பையனின் இரண்டு காலையும் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி, “நட, நட” என்றான். பையன் கையால் நடந்தான். ஹாலில் இருந்து சமையலறை வரைக்கும் நடந்தான். “பாருங்கலா என் சிங்கத்த!” என்று முதலில் கைதட்டியது புனிதன். சமையலறை வாசலில் அவன் காலை விட்டுவிட்டான். பையன் நிற்கவில்லை. அப்படியே பின்வாசல் தாண்டிக் குழாயடி வரைக்கும் போய்விட்டான்.

அன்றைக்குத் தட்டிய கை இப்போது நெற்றியில் அடித்துக்கொண்டிருந்தது.

போன வருஷம் பள்ளி விளையாட்டுப் போட்டிக்குச் சிரம்பானில் இருந்து கோச் சுரயா என்று ஒரு மலாய்க்காரப் பெண்மணி ஜிம்னாஸ்டிக்ஸுக்குப் பிள்ளைகளைத் தேடி வந்திருந்தார். தனேஷ் ஓட்டம் தொடங்குகிற கோட்டுக்குக் கையாலேயே நடந்து போனான். ஓட்டத்தில் ஏழாவதாக வந்தான். கோச் சுரயா ஓட்டத்தைப் பார்க்கவே இல்லை. நேராக லோகேஸ்வரியிடம் வந்து பேர், வயசு, போன் நம்பர் எழுதிக்கொண்டார். புனிதனைப் பார்த்து, “அப்பாவா? நல்ல தோள்,” என்று மலாயில் சொன்னார். அந்த ஒரு வார்த்தையில் புனிதன் விழுந்தான்.

அதிலிருந்து சனியும் ஞாயிறும் சிரம்பான் பயிற்சிக்கூடம்தான். வீடும் மாறிப்போனது. கல்யாணத்துக்கு வாங்கிய மெத்தை, பையன் குதித்து விழுவதற்காக ஹாலுக்குப் போனது. புனிதன் பாய்க்குப் போனான். அறை வாசலில் லோகேஸ்வரி ஒரு இரும்புக் கம்பி பொருத்தினாள், பையன் தொங்குவதற்கு. கம்பியின் உயரத்தைப் பையனுக்கு ஏற்றபடி வைத்தாளா, புருஷன் நெற்றிக்கு ஏற்றபடி வைத்தாளா தெரியாது. தினமும் காலையில் பெரட்டுக்கு எழுந்து போகும்போது புனிதன் அதில் ஒருமுறை இடித்துக்கொள்வான்.

“ணங்” என்று சத்தம் கேட்டால் அடுத்த வீட்டில் மணி அஞ்சே கால் என்று அர்த்தம்.

இதையெல்லாம் அவன் சந்தோஷமாகத்தான் பட்டுக்கொண்டான், ஒரு சனிக்கிழமை வரைக்கும். அன்றைக்குப் பயிற்சிக்கூடத்தில் உயரக் கம்பியில் சுற்றிக்கொண்டிருந்த தனேஷின் கை நழுவியது. பையன் காற்றில் ஒரு வினாடி படுத்திருந்தான். பிறகு மெத்தையில் முதுகு அடிக்க விழுந்தான். “தப்” என்று ஒரு சத்தம்.

உடனே எழுந்து சிரித்தான். கோச் கைதட்டினார். மறுபடியும் ஏறினான்.

புனிதன் வெளியே வந்து படியில் உட்கார்ந்தான்.  அன்றிலிருந்து பையன் மேலே ஏறினால் அவன் கண் தானாக மூடிக்கொள்ளும். யாரிடமும் சொல்லவில்லை. நாற்பது பேரை மேய்க்கிற மண்டோர், எட்டு வயசுப் பிள்ளை கம்பியில் தொங்குவதைப் பார்க்கப் பயமாக இருக்கிறது என்று யாரிடம் சொல்வான்? மனைவியிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அந்த மாதக் கடைசியில்தான் கடிதம் வந்தது. காரின் முன்பக்க மூடிமேல் வைத்து லோகேஸ்வரி நீட்டினாள்.

“ஏங்க, இங்க ஒரு கையெழுத்து போடுங்க.”

“என்னாது?”

“மாநிலத் தேர்வு. நவம்பர் பதினஞ்சாம் தேதி போட்டி. தேர்வானா ஜனவரியில இருந்து சிரம்பான்லயே ஹாஸ்டல். ஸ்கூலும் அங்கயே. ரெண்டு வாரத்துக்கு ஒருதடவ வீட்டுக்கு அனுப்புவாங்க.”

பேனா நின்றது.

“எட்டு வயசு புள்ளைக்கு ஹாஸ்டலா? ராத்திரி யாரு போர்வை போத்திவிடுவா?”

“இங்க மட்டும் போர்வை நிக்குதா? எட்டி ஒதைச்சிட்டுத்தானே தூங்குறான்.”

“ஒதைச்சா எடுத்துப் போத்த நாம இருக்கோம்லா.”

லோகேஸ்வரி கடிதத்தின் ஓரத்தை நகத்தால் நீவிக்கொண்டிருந்தாள்.

“எத்தன பேரு போட்டிக்கு வராங்க?”

“பதினெட்டு பேரு.”

“மெடலு?”

“மூணு பேருக்குங்க.”

மெடல் மூன்று என்றால் ஹாஸ்டலுக்குப் போவதும் மூன்று பேர். புனிதன் அப்படி முடிவு செய்துகொண்டான். கடிதம் கையில்தான் இருந்தது. இரண்டு பக்கம், அழகான மலாய். தோட்டத்துக்கு உரம் வந்தால் மூட்டை மூட்டையாகத் தொட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதவன் அவன். மனைவி நீட்டினால் மட்டும் படிக்கமாட்டான். கல்யாணப் பதிவுப் புத்தகத்தில் ஆரம்பித்த பழக்கம்.

போட்டுவிட்டான். போட்ட மை காய்வதற்குள் திட்டம் போட ஆரம்பித்தான்.

முதல் திட்டம் சாப்பாடு. குண்டாக இருந்தால் கம்பியில் சுற்றமுடியாது. வேலை முடிந்து வரும்போதெல்லாம் நாசி லெமாக், ரொட்டி தெலுர், வாழைப்பழ பஜ்ஜி என்று தாப்பாவ் பண்ணிப் பொட்டலம் பொட்டலமாகக் கொண்டு வந்தான்.

“புள்ள ஒடம்பு தேறணும்லா,” என்றான்.

“ஆமாங்க, தேறணும்,” என்றாள் லோகேஸ்வரி. பையன் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மெத்தைக்கு ஓடுவான். “கொட்ட வேணாம், நீங்க சாப்பிட்டுருங்க,” என்று தட்டை அவன் பக்கம் தள்ளுவாள். ஒரு மாதத்தில் தனேஷுக்கு ஒரு கிராம்கூட ஏறவில்லை. புனிதன் நாலு கிலோ ஏறினான்.

இரண்டாவது திட்டம் கார். சனிக்கிழமை விடியற்காலை பேட்டரி கம்பியைக் கழற்றி வைத்துவிட்டு, சாவியை நாலு தடவை திருப்பிக் காட்டினான்.

“காடி ஸ்டார்ட்டாவல லோகா. பாவம், புள்ளைக்கு இன்னிக்கு லீவுதான்.”

லோகேஸ்வரி இறங்கி வந்து மூடியைத் தூக்கிப் பார்த்தாள். கம்பியை அதன் இடத்தில் வைத்து, கையில் இருந்த பூரிக்கட்டையால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

“கழண்டிருக்குங்க. நம்ம ரோட்டுல குலுங்கி குலுங்கி தானா கழண்டிருக்கும்.”

“தானாத்தான்,” என்றான் புனிதன்.

“இப்ப திருப்புங்க.”

கார் சிங்கம் மாதிரி உறுமியது. அடுத்த சனிக்கிழமை அவன் எழுந்து வெளியே வந்தபோது, லோகேஸ்வரி பூரிக்கட்டையோடு காருக்குள் உட்கார்ந்திருந்தாள்.

மனுஷர்களால் ஆகாது என்று தெரிந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை வேலை முடிந்ததும், பன்னிரண்டாம் பிளாக் ஓரத்தில் இருக்கிற முனியாண்டி கோயிலுக்குப் போனான்.

கோயில் பூசாரி திருநாவுக்கரசு. தோட்டத்துக்கே அரசண்ணன். பகலில் டிராக்டர் ஓட்டுவார். செவ்வாயும் வெள்ளியும் மாலையில் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு பூசாரியாகிவிடுவார்.

“என்னா மண்டோரே, செவ்வாக்கெழமையில நம்ம பக்கம்?”

“ஒரு வேண்டுதல்ணே.”

“பேரு, நட்சத்திரம், காரியம். மூணையும் சத்தமா சொல்லணும். முணுமுணுத்தா முனியாண்டிக்குப் புடிக்காது.”

புனிதன் சுற்றும் முற்றும் பார்த்தான். செம்பனை மரங்களைத் தவிர யாரும் இல்லை.

“மகன் பேருலணே. தனேஷ். அனுஷம். காரியம் வந்து… பதினஞ்சாம் தேதி போட்டியில அவன் நாலாவதா வரணும்.”

அரசண்ணன் கையில் இருந்த கற்பூரத்தட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

“நாலாவதா?”

“நாலாவது.”

“நீயு…” என்று ஆரம்பித்தவர் பலமாக இருமினார். இருமல் நிற்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. “சாம்பிராணிப் பொகைப்பா. ம். நாலாவது. அப்புறம்?”

“விழக்கூடாது. அடிபடக்கூடாது. அழக்கூடாது.”

“இவரு காவக்காரருடா. புள்ளைங்கள பாத்துக்குற ஆயாக்கொட்டகை நடத்துறவரு இல்ல.”

“நடந்தா ஒரு சேவல், ஒரு கட்டு சுருட்டு, ஒரு பெரிய பாட்டல் ஸ்டவுட் பீர்.”

“நாட்டுச் சேவல்தானே? சூப்பர்மார்க்கெட்ல ஒரிச்சு ஐஸ்ல வச்சது இல்லையே?”

“உயிரோடணே. ஆனா லோகாவுக்கு மட்டும் தெரியக்கூடாது.”

“நான் ஏம்ப்பா சொல்லப்போறேன்?” என்றார் அரசண்ணன். அவருக்கு மறுபடியும் இருமல் வந்தது.

வேண்டுதல் வைத்த அன்றைக்கு ராத்திரி புனிதன் நிம்மதியாகத் தூங்கினான். மறுநாள் காலையில் கம்பியில் இடிக்கக்கூட இல்லை. எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று தோன்றியது. தன் மகன் முதலாவதாக வருவதை முனியாண்டி ஒருவரால்தான் தடுக்கமுடியும் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. அவ்வளவு பெருமை அவனுக்கு மகன்மேல்.

பதினைந்தாம் தேதி. சிரம்பான் பயிற்சிக்கூடம். பதினெட்டுப் பையன்கள், முப்பத்தாறு பெற்றோர். நாலு வகைப் போட்டி. தரையில் கரணம், காளான் மாதிரி குட்டையாக இருக்கிற ஒன்றில் கையை ஊன்றிச் சுற்றுவது, ஓடிவந்து தாண்டுவது, கடைசியாக உயரக் கம்பி.

தரைப் போட்டி முடிந்ததும் தனேஷின் பேர் பலகையில் ஐந்தாவதாக எரிந்தது. புனிதனுக்குக் கோபம் வந்தது. “அஞ்சா? கண்ணு தெரியுமா இந்த ஜட்ஜுக்கு?” என்றான். லோகேஸ்வரி அவன் முழங்கையைப் பிடித்து உட்காரவைத்தாள். காளானில் பையன் ஒரு சுற்றில்கூடக் கால் மடக்கவில்லை. “காக்கி லுருஸ், காக்கி லுருஸ்,” காலை நீட்டு, காலை நீட்டு என்று கோச் சுரயா பல்லுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தார். பையன் நீட்டினான். தாண்டினான். பலகையில் பேர் மேலே ஏறியது.

மூன்றாவது.

புனிதன் எழுந்து கத்தப் பார்த்தான். பாதியில் ஞாபகம் வந்தது.

கம்பிக்கு முன்னால் ஐந்து நிமிஷ இடைவேளை. தனேஷ் கம்பித் தடுப்புக்கு ஓடிவந்தான். கையெல்லாம் வெள்ளைப் பவுடர். மூக்கிலும் கொஞ்சம்.

“பா. கம்பியில இருந்து குதிச்சு எறங்குறப்போ, இன்னிக்கு நான் அசையாம நின்னுடுவேன். ஒரு எட்டுகூட வைக்கமாட்டேன். நீ பாக்குறியா?”

“பாக்குறேன்யா.”

“கண்ண மூடாம?”

புனிதனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பையனுக்குத் தெரிந்திருக்கிறது. மேலே தலைகீழாகச் சுற்றுகிற பிள்ளைக்குக் கீழே அப்பன் கண்ணை மூடுவது தெரிந்திருக்கிறது.

“மூடமாட்டேன்யா.”

பையன் திரும்பி ஓடி, சுவர் ஓரத்தில் தன் முறைக்குக் காத்து நின்றான். மற்றப் பிள்ளைகளைவிட ஒரு தலை குள்ளம். வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது, செய்யவேண்டியதை வரிசையாகச் சொல்லிப் பார்க்கிற மாதிரி. அந்தச் சின்ன முதுகைப் பார்த்தபோதுதான் புனிதனுக்கு உறைத்தது. அந்த முதுகில் ஒரு சேவல் உட்கார்ந்திருக்கிறது. ஒரு கட்டுச் சுருட்டும் ஒரு பாட்டலும் உட்கார்ந்திருக்கின்றன. ஏற்றிவைத்தவன் பெற்ற தகப்பன்.

“ஒரு நிமிஷம் லோகா, வந்துடுறேன்.”

“இப்பவா? அவன் ரெண்டாவது ஆளுங்க!”

“ஒரே நிமிஷம்.”

வெளியே ஓடிவந்து போனை எடுத்தான். அந்தப் பக்கம் டிராக்டர் சத்தம்.

“அண்ணே! அந்த வேண்டுதல வாபஸ் வாங்கணும்!”

“யாருப்பா?”

“மண்டோர்ணே! புனிதன்!”

“என்னடா இது, பசார் மாலாம் சந்தையில வாங்கின சட்டையா, சைசு சரியில்லன்னு திருப்பிக் குடுக்க?”

“இப்ப மூணாவதா இருக்கான்ணே. அப்படியே விட்டுடச் சொல்லுங்க. என்னால அவன் கீழ எறங்கக்கூடாது.”

“கேக்கும்போது சாமி முன்னால நின்னு கேட்ட. வாபஸும் முன்னால வந்து நின்னுதான் சொல்லணும். போன்ல சொல்றதுக்கு அவருகிட்ட லைன் இல்லலா.”

“நான் சிரம்பான்ல இருக்கேன்ணே! வர ஒரு மணி நேரத்துக்கு மேல ஆவும்!”

“அப்ப ஒண்ணும் பண்ணமுடியாது.”

“ஆடு வெட்டுறேன்ணே!”

டிராக்டர் சத்தம் சட்டென்று நின்றது.

“ஆடா?”

“ஆடு!”

அந்தப் பக்கம் நீண்ட மௌனம். ஒரு மனுஷன் தன்னோடு போராடுகிற மௌனம்.

“இல்லடா,” என்றார் அரசண்ணன் கடைசியில், அழாத குறையாக. “வேணாம். கேட்டது கேட்டதாவே இருக்கட்டும். உனக்கு ஒண்ணும் தெரியாதுடா. உள்ள போயி புள்ளையப் பாரு.”

அப்போதுதான் உள்ளேயிருந்து கைதட்டல் கேட்டது. நீளமாக, கூரை அதிர. புனிதன் ஓடினான். கதவு தள்ளுகிற கதவா இழுக்கிற கதவா என்று தெரியாமல் இரண்டும் செய்தான். உள்ளே போனபோது கம்பி காலியாக இருந்தது. லேசாக ஆடிக்கொண்டிருந்தது. தனேஷ் மெத்தையில் இருந்து இறங்கி வந்துகொண்டிருந்தான், முகமெல்லாம் பல்லாக.

“பா! நின்னேன்! அசையவே இல்ல! பாத்தியா?”

புனிதன் அந்தக் கேள்வியை இன்றைக்கும் மறக்கவில்லை.

“பாத்தேன்யா,” என்றான்.

லோகேஸ்வரி ஒருதரம் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பிறகு குனிந்து கைப்பையைத் துழாவினாள்.

கடைசியாக லுக்குட்டில் இருந்து வந்த ஒரு சீனப் பையன் ஏறினான். அழகாகச் செய்தான். பத்தில் ஒரு பங்கு புள்ளிதான் வித்தியாசம். பலகையில் பேர்கள் ஒருதரம் இடம் மாறி நின்றன. தனேஷ், நாலாவது.

விழவில்லை. அடிபடவில்லை. அழவில்லை. முனியாண்டி ஒரு வரிகூட விடாமல் நிறைவேற்றியிருந்தார். மேடையில் மூன்று பையன்கள் கழுத்தில் மெடலோடு நிற்க, கீழே நின்று எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டியது தனேஷ்தான். அதைப் பார்க்கமுடியாமல், காரை எடுத்து வருகிறேன் என்று புனிதன் வெளியே நழுவினான். கார் வாசலுக்கு வந்தபோது கோச் சுரயா லோகேஸ்வரியின் இரண்டு கையையும் பிடித்து என்னவோ பேசிக்கொண்டிருந்தார். ஒரு பெரிய உறையைக் கொடுத்தார். ஆறுதல் சொல்கிறார் போல என்று நினைத்துக்கொண்டான். 

புக்கிட் புத்தூஸ் மலைப்பாதை ஏறும்போது பின்சீட்டில் இருந்து குரல் வந்தது.

“பா, லுக்குட் பையன் சொன்னான், நாலு ராசியில்லாத நம்பராம். அப்படியா?”

“சீனவங்களுக்குத்தான்யா. நமக்கு இல்ல.”

“நமக்கு நல்லதா?”

புனிதன் கியரை மாற்றினான். லோகேஸ்வரி திரும்பி, “நமக்கு ரொம்ப நல்லது. நீ தூங்கு,” என்றாள். இரண்டு வளைவு தாண்டுவதற்குள் பையன் பையில் தலை வைத்துத் தூங்கிவிட்டான்.

கோலா பிலாவில் ஒரு செண்டோல் கடை ஓரமாக நிறுத்தினார்கள். இரண்டு கிளாஸ் வாங்கிக் காரிலேயே உட்கார்ந்தார்கள். ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. புனிதனும்தான்.

“லோகா. நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்.”

“பேட்டரி கம்பியா? தெரியும்.”

“அது இல்ல.”

“நாசி லெமாக்கா?”

“அதுவும் இல்ல. முனியாண்டிகிட்ட…”

சொல்லிவிட்டான். செவ்வாய்க்கிழமை, நாலாவது இடம், சேவல், டிராக்டர், ஆடு, எல்லாவற்றையும். பிள்ளை கம்பியில் இருந்து இறங்கியதைத் தான் பார்க்கவே இல்லை என்பதைக் கடைசியாகச் சொன்னான். 

லோகேஸ்வரி அடியில் கிடந்த சிவப்பு அவரையைக் கரண்டியால் பொறுமையாகத் தேடித் தேடிச் சாப்பிட்டாள்.

“மொத மூணுக்குள்ள வந்து ஹாஸ்டலுக்குப் போயிடுவான்னு பயந்தீங்களா?”

“ஆமா.”

“ஏங்க, போன மாசமே கோச் என்கிட்ட சொல்லிட்டாங்க. ஆறாவது, ஏழாவது வருவான், இந்த வருசம் ரொம்ப எதிர்பாக்காதீங்கன்னு.”

“ஆறாவதா? என் மகனா? யாரு சொன்னா அந்தம்மா…”

“கத்தாதீங்க, தூங்குறான்.” கைப்பையில் இருந்து மடித்த கடிதத்தை எடுத்து நீட்டினாள். “உங்க கையெழுத்துக்கு மேல இருக்குற வரிய இப்பவாச்சும் படிங்க.”

படித்தான். இன்னொரு தடவை படித்தான். மலாய் மாறவில்லை. சிறந்த நால்வர் ஜனவரி முதல் ஹாஸ்டலில் சேர்க்கப்படுவர் என்று தடித்த எழுத்தில் இருந்தது. மடியில் கோச் கொடுத்த உறையை விரித்தாள். அதில் பையனின் பேர், ஹாஸ்டல் அறை எண், கொண்டுவரவேண்டிய போர்வை எத்தனை என்று எல்லாம் இருந்தன.

“நீ மூணுன்னுதானே சொன்ன!”

“மெடலு எத்தனன்னு கேட்டீங்க. மெடலு மூணுதான்.”

“ஹாஸ்டலுக்கு எத்தன பேருன்னு…”

“அத நீங்க கேக்கலையே.”

கான்வென்ட் சிஸ்டர்மார்கள் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று புனிதன் பல்லைக் கடித்துக்கொண்டு நினைத்தான்.

“அப்ப நான் வேண்டிக்கிட்டது…”

“ஆறாவது வரவேண்டியவன நீங்க நாலாவதுக்கு ஏத்திவிட்டுட்டீங்க.”

கடைக்காரன் வந்து கிளாஸை வாங்கிக்கொண்டு போனான். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பின்சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயைத் திறந்துகொண்டு தூங்குகிற பிள்ளை. மூக்கில் இன்னும் வெள்ளைப் பவுடர். ஜனவரிக்கு ஆறு வாரம்தான் இருந்தது. இனிமேல் அறை வாசல் கம்பியில் நெற்றி இடித்தாலும் அதில் தொங்க ஆள் இருக்காது.

“உனக்குப் பயமே இல்லையா லோகா?”

“இல்லாம? அவன் மேல ஏறுனா நான் கண்ண மூடிக்குவேன்.”

“நீயா? எத்தன நாளா?”

“அன்னிக்கு விழுந்தான்ல, அன்னிலேருந்து. உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்களும்தான் மூடிக்கிட்டிருந்தீங்க.”

“அப்ப இன்னிக்கு அவன் எறங்குனது…”

“நானும் பாக்கல.” அவள் கைப்பையில் இருந்து போனை எடுத்தாள். “பக்கத்துல இருந்த சீனம்மாகிட்ட போனக் குடுத்து, நீங்களே புடிச்சுக் குடுங்கன்னு சொல்லிட்டேன்.”

போனை நடுவில் வைத்துப் பார்த்தார்கள். படம் கொஞ்சம் ஆடியது. சின்ன உருவம் ஒன்று கம்பியில் முன்னால் போய், பின்னால் போய், மேலே எழுந்து, கையை விட்டது. காற்றில் ஒரு சுற்று. புனிதன் கண்ணை மூடவில்லை. கால் இரண்டும் மெத்தையைத் தொட்டன. நின்றன. ஒரு எட்டுகூட வைக்கவில்லை. கையை உயர்த்திய பிள்ளை நேராகப் பெற்றோர் பக்கம் திரும்பிப் பார்த்தது. அந்த நேரத்தில் அங்கே அப்பாவின் நாற்காலி காலி. அம்மா முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

புனிதன் அதை மூன்று தடவை பார்த்தான். பார்க்கப் பார்க்க, நேரில் பார்க்காமல் போனது இன்னும் கனத்தது. நாலாவது தடவை ஓடவிடப் போனபோது லோகேஸ்வரி போனை மெதுவாக வாங்கிப் பையில் போட்டாள்.

“போதுங்க. பொழுது சாயுது.”

பகாவ் தாண்டி, தோட்டத்து ரோட்டில் திரும்பினார்கள். முனையில் கோழி வளர்க்கிற ராக்கம்மாவின் வீட்டு விளக்கு தெரிந்தது.

“அங்க நிறுத்துங்க,” என்றாள் லோகேஸ்வரி. “வர்ற வழியில மெசேஜ் போட்டு சேவல் சொல்லி வச்சிருக்கேன். ரெண்டு.”

“ரெண்டா? நான் ஒண்ணுதானே வேண்டிக்கிட்டேன்?”

“இன்னொண்ணு என்னோடது. நீங்க செவ்வாக்கெழம போனீங்க. நான் அதுக்கு முந்தின வெள்ளிக்கெழமயே போயி நாலாவது எடம் கேட்டுட்டு வந்துட்டேன்.”